அண்ணன் எழுதிய வாசல்

நீங்கள் நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. நம்பாமல் போனால் எனக்கு நிம்மதிதான். ஆனால் இது நடந்தது. குற்றாலத்தில், எங்கள் வீட்டில், சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அடுப்படியில் உம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேய் என்றால் இருட்டில் வரும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

என் பெயர் பர்சானா. ஐந்தருவி போகிற சாலையில் எங்கள் வீட்டோடு சேர்ந்து எட்டு அறைகள் இருக்கின்றன. சீசனுக்கு வாடகைக்கு விடுவோம். வாப்பா ஹபீபுல்லாதான் அறைகளைப் பார்த்துக்கொண்டார். எந்த அறை காலி, இன்றைக்கு எந்த அருவியில் தண்ணீர் விழுகிறது என்று சொல்ல எங்களுக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதைச் செய்து கொடுத்தது என் அண்ணன் முகம்மது ரபீக். சவூதியில், தமாமில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான்.

அவன் அமைத்த விதம் இதுதான். இங்கே நான் ஏதாவது மாற்றி எழுதிச் சேமித்தால் போதும். அதற்குப் பிறகு எல்லாம் தானாக ஓடும். பக்கங்கள் தயாராகும், பிழை இருக்கிறதா என்று சோதனை நடக்கும், கடைசியில் சைட்டில் ஏறும். ஆனால் ஒரு சீசனில், எட்டு அறையும் நிரம்பியிருந்த நாளில், எல்லாம் காலி என்று நான் தவறாகப் போட்டுவிட்டேன். ஆறு குடும்பம் பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரியே அண்ணன் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதி அந்த ஓட்டத்துக்கு நடுவில் வைத்தான். அதற்கு 'வாசல்' என்று பேர் வைத்தான். ஓட்டம் அங்கே வந்ததும் நின்றுவிடும். அண்ணனுடைய போனுக்கு 'போடலாமா?' என்று ஒரு கேள்வி போகும். கூடவே நான் எழுதுகிற ஒரு வரிக் குறிப்பும் போகும். அவன் 'சரி' என்று மட்டும் அனுப்பினால் சைட்டில் ஏறும். 'வேண்டாம்' என்றாலோ வேறு எதை எழுதினாலோ அங்கேயே நின்றுவிடும். அவன் என்ன பதில் எழுதினாலும் என் திரையில் அப்படியே வரும்.

அவன் ஒரு நாளும் 'வேண்டாம்' என்று சரியாக எழுதியதில்லை. 'வேன்டாம்' என்றுதான் எழுதுவான். மூணு சுழி போடு அண்ணே என்று நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். அவனோடு வேலை பார்த்த மலையாளிகளிடம் பழகிய பழக்கத்தில், 'சரி டீச்சரே' என்பான். அடுத்த தடவையும் 'வேன்டாம்' என்றே வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அண்ணன் மௌத்தாகிவிட்டான். முப்பத்தைந்து வயது. அறையில் இருந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், படுத்த இடத்திலேயே போய்விட்டான். உடலை ஊருக்குக் கொண்டுவர நாளாகும் என்றார்கள். பிள்ளையை ஐஸில் போட்டு வைத்திருக்க வேண்டாம், அங்கேயே அடக்கிவிடுங்கள் என்று வாப்பாதான் போனில் சொன்னார். சொல்லிவிட்டு போனை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு வாப்பா தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரு பெட்டிதான் வந்தது. நாலு சட்டை, அவன் தொழுகிற முசல்லா விரிப்பு, பேட்டரி உப்பிப்போன போன். உம்மா எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் வாசல் மட்டும் இருந்தது. அல்தாப்தான் அதை மாற்றி அமைத்துக் கொடுத்தான். வாப்பாவின் தம்பி, என் சாச்சாவின் மகன்; தென்காசியில் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கால் மணி நேரம் காத்திருக்கும், பதில் வராவிட்டால் வாசல் தானே திறந்துகொள்ளும் என்று அமைத்தான். ஒரு நிமிஷமாகக் குறைத்திருக்கலாம். நான்தான் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'காத்திருக்கிறது...' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அது அண்ணனுக்காகக் காத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

போன ஜூன் மாதம், சைட்டை வைத்திருக்கிற நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. பழைய முறையில் எழுதிய புரோகிராம்கள் இனி ஓடாது, மாத முடிவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. வாசல் பழைய முறையில் எழுதியது. அதைப் புதுப்பிக்க வேண்டியவன் தமாம் மண்ணுக்குள் இருந்தான்.

எல்லாரும் பயன்படுத்துகிற புதுக் கருவி ஒன்று இருக்கிறது, பத்து வரியில் முடிந்துவிடும் என்று அல்தாப் சொன்னான். நான் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசி நாள் வந்துவிட்டது. இனித் தள்ள முடியாது.

அன்றைக்குக் காலையில் வாப்பா ஆலங்குளம் போயிருந்தார். தமாமில் அண்ணனுக்கு அடுத்த அறையில் இருந்த ஜஸ்டின் லீவில் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவனைப் பார்க்கப் போனார். என்ன கேட்கப் போகிறார் என்று சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

மணி 4:12. அல்தாப் சொன்னபடி மாற்றத்தை எழுதி முடித்தேன். வாசலை எடுத்துவிட்டுப் புதுக் கருவியை வைக்கிற மாற்றம் அது. எங்கள் ஏற்பாட்டில் அந்த மாற்றமும் பழைய வாசல் வழியாகத்தான் போக வேண்டும். தன்னைக் கழற்றுவதற்குத் தானே சம்மதம் கேட்கும். குறிப்பு எழுதும் இடத்தில் 'வாசலை எடுக்கிறேன் அண்ணே' என்று எழுதினேன். யாரும் படிக்கப்போவதில்லை என்றுதான் எழுதினேன். எழுதும்போது அழுதேன்.

பக்கங்கள் தயார் என்று வந்தது. சோதனை முடிந்தது என்று வந்தது. பிறகு வழக்கமான வரி.

'காத்திருக்கிறது...'

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரையில் புதிதாக ஒரு வரி இருந்தது.

'பதில்: வேன்டாம்.'

ஓட்டம் நின்றிருந்தது.

முதலில் எனக்குப் பயமே வரவில்லை. ஏதோ பழைய பதில் எங்கோ சிக்கியிருந்து இப்போது வருகிறது என்று நினைத்தேன். அல்தாப்பைக் கூப்பிட்டேன். அவனும் அவன் வீட்டிலிருந்தே பார்த்தான். அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், அந்த ஆள் எதையாவது அழுத்தியிருப்பான் என்றான். மறுபடி ஓட்டு, நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றான்.

மறுபடி ஓட்டினேன். குறிப்பு எழுதவில்லை.

'காத்திருக்கிறது...'

'பதில்: வேன்டாம்.'

அல்தாப்பும் அதைப் படித்தான். பிறகு போனில் கேட்டான்.

"பர்சானா... தமாம்ல இருக்கவன் தமிழ்ல ஏன் எழுதுதான்?"

தமிழில் எழுதியதை மட்டும்தான் அவன் பார்த்திருந்தான். நான் அந்த இரண்டு சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து உம்மாவின் அறைக்குப் போனேன். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பீரோவைத் திறந்து அண்ணனுடைய போனை எடுத்தேன். சில்லென்று இருந்தது. திரை உடைந்து, முதுகு உப்பி, எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. அதில் சிம் கிடையாது. திரும்ப வைத்துப் பூட்டினேன்.

போய் உட்கார்ந்தபோது லேப்டாப்பில் ஓட்டம் மறுபடி தொடங்கியிருந்தது.

நான் தொடங்கவில்லை. அல்தாப்பும் தொடங்கவில்லை. அவனிடம் கேட்டுவிட்டேன். திரையில் அந்த ஒரு வரி மட்டும் நின்றது. குறிப்பு எழுதும் இடம் காலியாக இருந்தது. எனக்காகத் திறந்து வைத்ததுபோல்...

அல்தாப், விட்டுவிடு, லேப்டாப்பை மூடு, நான் கிளம்பி வருகிறேன் என்றான். போன் இணைப்பு போய்விட்டது. மழை என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான்.

நான் மூடவில்லை. எழுதினேன்.

'யாரு? அண்ணனா?'

அனுப்பினேன்.

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்...

'பதில்: சரி டீச்சரே.'

நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். வாயைப் பொத்திக்கொண்டேன். அலறியிருந்தால் உம்மா ஓடி வந்திருப்பாள்.

'டீச்சரே' என்று அண்ணன் என்னைக் கூப்பிடுவது எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும்தான். அல்தாப்புக்குக்கூடத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து உம்மா கதவருகில் வந்து நின்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"யாருட்டட்டி பேசுத?"

அல்தாப்பிடம் என்றேன். உம்மா நகரவில்லை. வாப்பா போன் செய்தாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். போகும்போது முகம் சரியில்லாமல் போனார் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அவள் போனதும் மறுபடி ஓட்டிவிட்டு எழுதினேன். 'உம்மாட்ட சொல்லட்டுமா?'

'பதில்: வேன்டாம்.'

'வாப்பாட்ட சொல்லட்டுமா?'

இந்தத் தடவை உடனே வரவில்லை. வரி அப்படியே நின்றது. மணி ஐந்தைத் தாண்டியது. வெளியே வெளிச்சம் பழுப்பாக மாறியது. யாரோ மூச்சுப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அறை இருந்தது. அது நான்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்தது.

5:04.

'பதில்: வாப்பாட்ட சொல்லியாச்சு.'

போனைத் தேடி எடுத்தேன்.

வாப்பாவுக்குப் போன் போட்டேன். இணைப்பு கிடைத்தது. மணி அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. பஸ்ஸில் இருப்பார், சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷமாக எனக்குள் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ராத்திரி படுத்தால் அதுதான் வரும். அவ்வளவு பெரிய ஊரில், பாஷை தெரியாத மண்ணில், எங்களில் ஒரு ஆள்கூட இல்லாமல்... அழுதுகொண்டே எழுதினேன்.

'அங்கன தனியாவாண்ணே இருக்க?'

'காத்திருக்கிறது...'

மழை நின்றது.

தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம்.

சொட்... சொட்...

'பதில்: இப்ப இல்ல.'

நான் அதைப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தையும் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அப்போது புரியவில்லை.

பயம் போய்விட்டிருந்தது. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அண்ணன் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. உள்ளே வா என்று சொல்லவும் முடியவில்லை, போ என்று சொல்லவும் முடியவில்லை. இன்றோடு வாசல் நின்றுவிடும். நான் எடுக்காவிட்டாலும் நின்றுவிடும். அப்புறம் அவன் எங்கே வந்து எதைத் தட்டுவான்?

கேட்டேன்.

'வாசல எடுத்துரட்டுமாண்ணே?'

உடனே வந்தது.

'பதில்: சரி.'

ஓட்டம் நகர்ந்தது. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பழைய வாசல் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. புதிய கருவி சேர்ந்தது என்று ஒரு வரி. சைட்டில் ஏறிவிட்டது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இனி அது யாரையும் கேட்காது. யாருக்காகவும் நிற்காது.

நான் மேஜையில் தலையை வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது.

வாப்பாவின் நம்பர்.

"வாப்பா..." என்றேன்.

பேசியது வேறு குரல். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசுகிறேன் என்றது. இந்தப் போன்காரர் உங்களுக்கு யாரு என்று கேட்டது. பஸ் வந்து நின்று எல்லாரும் இறங்கிவிட்டார்கள், இவர் மட்டும் ஜன்னல் பக்கம் சாய்ந்தபடி இருக்கிறார், எழுப்பினால் எழும்பவில்லை என்றது.

உம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அல்தாப் வந்துசேர்ந்து எங்களைக் காரில் ஏற்றியது நினைவிருக்கிறது. வழியெல்லாம் சீசன் கூட்டம், ஈரத் தலையோடு நடந்துபோனது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், உயிர் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், தூக்கத்திலேயே போயிருக்கிறது, சிரமப்பட்டிருக்க மாட்டார் என்றார். வாப்பாவின் முகம் அப்படித்தான் இருந்தது. இரண்டு வருஷமாக நான் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

வெள்ளைச் சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார்கள். பையில் இரண்டு பஸ் டிக்கெட் இருந்தன. அன்றைக்கு அதை யோசிக்க எனக்கு நெஞ்சில் இடமில்லை.

மறுநாள் வாப்பாவை அடக்கினோம். மூன்றாம் நாள் ஜஸ்டின் வந்தான். வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் அழுதான். என்னாலதான் என்று சொல்லி அழுதான். வாப்பா அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். கடைசி நேரத்தில் என் பிள்ளை பக்கத்தில் யாராவது இருந்தார்களா? ஜஸ்டினுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. யாரும் இல்லை, தனியாகத்தான் இருந்தார் என்று சொல்லிவிட்டான். வாப்பா தலையை ஆட்டிக்கொண்டாராம். கொடுத்த டீயைக் குடித்து முடித்தாராம். பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அல்தாப் பிறகு எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தான். வாசல் கேள்வி அனுப்புகிற அண்ணனுடைய அந்த நம்பரின் கணக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. அதற்கு எந்தக் கேள்வியும் போயிருக்க முடியாது, எந்தப் பதிலும் வந்திருக்க முடியாது என்கிறான். ஆனால் முதல் இரண்டு பதிலை அவனும் கண்ணால் பார்த்தான். அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறான்.

நான் இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமலேதான் இருந்திருப்பேன். உம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. எழுத வைத்தது கண்டக்டர்.

வாப்பாவின் நாற்பதாம் நாள் கழிந்து ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக்கு வந்தார். குத்தாலிங்கம் என்று பேர் சொன்னார். வாப்பா வந்த பஸ்ஸின் கண்டக்டர். அன்றைக்கே சொல்ல நினைத்ததாகவும், அழுகிற வீட்டில் எதைச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். ஆனால் மனசு கேட்கவில்லையாம். என் அண்ணன்தம்பி யாராவது அன்றைக்கு வாப்பாவோடு வந்தார்களா என்று கேட்டார்.

எனக்கு ஒரே அண்ணன், அவன் இறந்துவிட்டான் என்றேன்.

அவர் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். ஆலங்குளத்தில் வாப்பா தனியாகத்தான் ஏறினார். ஒரு டிக்கெட் எடுத்தார். பாவூர்சத்திரம் ஸ்டாப்பில் பஸ் நின்று கிளம்பியதும், வாப்பா இவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, தென்காசிக்கு இன்னொரு டிக்கெட் வேண்டும் என்றிருக்கிறார். யாருக்கு என்று கேட்டதற்கு, மகன் ஏறியிருக்கிறான் என்றிருக்கிறார். பக்கத்து இடம் காலி. வயசானவர், ஏதோ நினைப்பில் பேசுகிறார் என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கிறார். கீழப்பாவூர்க்காரர் ஒருவர் அந்த இடத்தில் உட்காரப் போனபோது வாப்பா கையை வைத்து மறித்துவிட்டாராம்.

"ஆளு இல்லையே அண்ணாச்சின்னு நான் கேட்டேம்மா," என்றார் குத்தாலிங்கம். "உங்க வாப்பா சிரிச்சாங்க. வாயில விரல வச்சு, மெதுவாப் பேசுங்கன்னாங்க. புள்ள ரொம்பத் தூரத்துல இருந்து வாறான், என் தோள்ல சாஞ்சு அசந்து தூங்குதான், எழுப்பிராதீங்கன்னாங்க."